அரிமளத்து வாண்டுமாமாவுக்கு நம் படிப்பறையில் முதல் அலமாரி கொடுக்கலாமா?

பட்டாலை (ஞாயிறு, இரவு 8.40)

எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் ஐந்து புள்ளிக்கு (குடும்பத்துக்கு)ப் பொதுவான வீடு ஒன்று பல வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது, முன்னோருக்குப் படைப்பு போடும்போது மட்டும்தான் திறப்போம். இப்போது பங்காளிகள் எல்லாரும் ஒத்துக்கொண்டதால் அதன் இரண்டாங்கட்டை (உள்பகுதியை)ப் பொங்கலுக்குள் ஊர்ப் பிள்ளைகளுக்கான படிப்பறையாக்கப் போகிறோம். பாய், விளக்கு, அலமாரிச் செலவு போகப் புத்தகம் வாங்க இருபதாயிரம் ரூபாய் தேறும்.

என் ஆசையை நேராகவே சொல்லிவிடுகிறேன். உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுகிற முதல் அலமாரி முழுக்க வாண்டுமாமாவின் புத்தகங்கள் இருக்க வேண்டும், அதற்கு மேலே சுவரில் அவர் படமும் இருக்க வேண்டும்.

அவரைத் தெரியாத இளையவர்களுக்காக: இயற்பெயர் வி. கிருஷ்ணமூர்த்தி. 1925 ஏப்ரல் 21இல் அரிமளத்தில் பிறந்தவர். ஓவியராக வேண்டும் என்பதுதான் அவருடைய முதல் ஆசை, ஆனந்த விகடனுக்குப் போனதும் அந்த ஆசையோடுதான். 'வாண்டுமாமா' என்ற பெயரே ஓவியர் மாலி வைத்தது. பெரியவர்களுக்குக் கௌசிகன் என்ற பெயரில் எழுதினார். வானவில், கிண்கிணி என்று சிறுவர் இதழ்களை நடத்தினார், கல்கி நிறுவனத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார், கோகுலம் இதழில் உழைத்தார், 1984இல் தொடங்கிய பூந்தளிருக்கு ஆசிரியரானார். 2014 ஜூன் 12இல் 89 வயதில் காலமானார். நூற்றுக்கும் மேற்பட்ட புத்தகங்கள் எழுதியிருக்கிறார். இவ்வளவு செய்தவர் பெயரில் நம் பக்கத்தில் ஒரு பலகைகூட என் கண்ணில் பட்டதில்லை, அது எனக்கு நிஜமாகவே வலிக்கிறது.

பூந்தளிர் வந்த காலத்தில் எனக்கு வயது பத்து. காரைக்குடி பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கிவந்து ஐயா (தாத்தா) படித்த பிறகுதான் என் கைக்கு வரும். ஒரு வருட இதழ்களைச் சேர்த்து அவரே ஊசிநூல் போட்டுத் தைத்து, அட்டை ஒட்டிப் பெட்டகத்தில் வைப்பார். வீட்டைப் பாகம் பிரித்தபோது அந்தப் பெட்டகமும் புத்தகங்களும் எடைக்குப் போயின. நான் ஊருக்கு வந்து சேர்வதற்குள் லாரி கிளம்பிவிட்டது. முனீஸ்வரன் கோயில் தெருவில் கடை கடையாக அலைந்து பெட்டகத்தைக் கண்டுபிடித்தேன். உள்ளே இருந்ததில் இரண்டு தொகுப்புதான் மிஞ்சியிருந்தது. அந்த இரண்டும் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

தேவகோட்டை டீச்சர் (ஞாயிறு, இரவு 9.25)

அண்ணே, படிப்பறை வைப்பது பெரிய காரியம், முதலில் அதற்கு வாழ்த்து. ஆனால் முதல் அலமாரி வாண்டுமாமாவுக்கு என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நான் நான்காம், ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். உங்கள் படிப்பறைக்கு வரப்போகிற பிள்ளைகள் ஐயா தைத்துக் கொடுத்த இதழை மடியில் வைத்துப் படித்த பிள்ளைகள் இல்லை. கொரோனாவில் இரண்டு வருடம் பள்ளியே பார்க்காமல் வளர்ந்த பிள்ளைகள் இப்போது மேல்வகுப்புகளில் இருக்கிறார்கள், அவர்களில் ஒரு வரியை எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்கள் இன்னும் உண்டு. அரசு 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் புத்தகங்களைப் பார்த்திருப்பீர்கள். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படி வைத்திருக்கிறார்கள். முதல் படியில் பக்கத்துக்கு ஒரு படமும் ஓரிரு வரியும்தான். என் வகுப்பில் பாதிப் பேர் இன்னும் 'நட'வில் நிற்கிறார்கள், அவர்களிடம் ஒரு பத்தியில் பத்து வரி ஓடுகிற அந்தக் காலக் கதையைக் கொடுத்தால் புத்தகமே பயமாகிவிடும், அப்புறம் படிப்பறைப் பக்கம் வரமாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். அமெரிக்காவில் டாக்டர் சூஸ் என்ற பெயரில் எழுதி வரைந்த தியோடர் கீசெல் (1904-1991) கதையைப் பாருங்கள். ஃப்ளிட் என்ற பூச்சிமருந்து விளம்பரத்துக்குப் பல வருடம் கேலிப்படம் போட்டுக்கொண்டிருந்தவர் அவர். 1954இல் ஜான் ஹெர்சி என்ற எழுத்தாளர் லைஃப் இதழில், பள்ளி வாசிப்புப் புத்தகங்கள் உயிரில்லாமல் இருப்பதால்தான் பிள்ளைகள் படிக்க மறுக்கிறார்கள் என்று எழுதினார். அந்தப் பேச்சிலிருந்து பிறந்ததுதான் 1957இல் வந்த தொப்பிப் பூனைக் கதை. முழுப் புத்தகத்திலும் வெவ்வேறு சொற்கள் என்று எண்ணினால் 236தான். 1960இல் பதிப்பாளர் பென்னட் செர்ஃப் பந்தயம் கட்டியதால் வெறும் 50 சொல்லில் இன்னொரு புத்தகம் எழுதினார். எழுத்துக் கூட்டுகிற பிள்ளைக்காக இப்படிச் சொல்லை எண்ணி எண்ணி எழுதியவர்களுக்குத்தான் முதல் அலமாரி. தமிழிலும் இன்று அப்படி நல்ல மெல்லிய படப்புத்தகங்கள் வருகின்றன, இருபதாயிரத்தில் நானூறு பிரதி வாங்கலாம்.

ஓலைக்கொட்டான் (ஞாயிறு, இரவு 10.05)

இரண்டு பேரும் ஒருவரை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள். ராயவரத்து அழ. வள்ளியப்பாவை விட்டுவிட்டு நம் பக்கத்தில் குழந்தைகள் அறையா?

எனக்கு வயது 71. என் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் சோறு ஊட்டியது அவர் பாட்டைப் பாடித்தான். 1922 நவம்பர் 7இல் பிறந்தவர். அதே ராயவரத்தைச் சேர்ந்த சக்தி வை. கோவிந்தனின் அலுவலகத்தில் முதலில் வேலைக்குச் சேர்ந்தார், அப்புறம் இந்தியன் வங்கி. பகலில் கணக்குப் புத்தகம், இரவில் குழந்தைப் பாட்டு என்று வாழ்நாள் முழுக்க ஓடியிருக்கிறார். 1944இல் 23 பாட்டோடு முதல் புத்தகம் மலரும் உள்ளம் வந்தது. 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கினார். தான் எழுதியதோடு நிற்காமல் மற்றவர்களையும் குழந்தைகளுக்காக எழுத வைத்தார், அது எவ்வளவு பெரிய வேலை!

டீச்சர் சொல்கிற எழுத்துக்கூட்டும் பிள்ளைக்குப் பாட்டுதான் சரியான வழி. பாட்டு முதலில் காதில் ஏறிவிடும். பிறகு அதே பாட்டை அச்சில் பார்க்கும்போது அடுத்த சொல் என்ன வரும் என்று பிள்ளைக்கு முன்பே தெரியும், விரலை வைத்துக்கொண்டு தானே படித்துவிடும். என் பேத்தி அப்படித்தான் படிக்கப் பழகினாள், யாரும் அவளுக்குத் தனியாகச் சொல்லிக் கொடுக்கவில்லை. அதனால் முதல் அலமாரி வள்ளியப்பாவுக்கு, இரண்டாவது யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்துக்கொள்ளுங்கள்.

திருமயத்துக்காரன் (ஞாயிறு, இரவு 10.30)

ஒரு திருத்தம். அரிமளமும் ராயவரமும் புதுக்கோட்டைச் சமஸ்தானத்து ஊர்கள். 1948 மார்ச் 3இல் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணையும் வரை அவை தொண்டைமான் ஆட்சியில் இருந்தன, காரைக்குடியும் தேவகோட்டையும் வெள்ளைக்காரன் கையில் இருந்த ராமநாதபுரம் ஜில்லா. 'நம் செட்டிநாட்டு வாண்டுமாமா' என்று எழுதுவதற்கு முன் இதை நினைத்துப் பாருங்கள். புதுக்கோட்டைக்காரர்களின் பெருமையை எடுத்துக் காரைக்குடி அலமாரியில் வைக்கிறீர்கள்.

பட்டாலை (ஞாயிறு, இரவு 10.50)

அண்ணே, அரிமளமும் ராயவரமும் நகரத்தார் ஊர்ப் பட்டியலில் இருக்கிற ஊர்கள்தானே. என் ஆயா (பாட்டி) வீடு ராயவரத்துக்குப் பக்கம். பெண் எடுத்ததும் கொடுத்ததும் எல்லைக்கல் பார்த்து நடக்கவில்லை. செட்டிநாடு என்று நாம் சொல்வது இரண்டு பக்கமும் சேர்ந்துதான்.

திருமயத்துக்காரன் (ஞாயிறு, இரவு 11.20)

உறவு முறையில் சரி. ஆனால் எல்லையை நான் சும்மா இழுக்கவில்லை தம்பி, அதற்குள் ஒரு வரலாறு இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் இந்தியாவில் காகிதத்துக்குக் கடும் கட்டுப்பாடு. புதிதாகப் பத்திரிகை தொடங்குவது மிகவும் சிரமம். சமஸ்தானத்துக்குள் அந்தக் கெடுபிடி அவ்வளவாக இல்லை. அதனால்தான் 1940களில் புதுக்கோட்டை என்ற சின்ன ஊரிலிருந்து சிறுவர் பத்திரிகைகளாக வந்து குவிந்தன. வள்ளியப்பா பொறுப்பில் இருந்த பாலர் மலர், டமாரம், சங்கு என்ற பெயர்களையெல்லாம் எங்கள் அப்பா சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

பிறந்த காலத்தைப் பாருங்கள். தேவகோட்டைத் தமிழ்வாணன், ராயவரம் வள்ளியப்பா, அரிமளம் வாண்டுமாமா, மூன்று பேரும் 1920களில் பிறந்தவர்கள். ஒரு பஸ்ஸில் ஏறி ஒரே நாளில் சுற்றிவிடக்கூடிய மூன்று ஊர்களில், ஐந்து வருடத்துக்குள் மூன்று பேர். ஒருவர் கல்கண்டு பத்திரிகை நடத்தினார், ஒருவர் பாட்டு எழுதினார், ஒருவர் கதையும் படக்கதையும் எழுதினார். பர்மாவிலும் மலாயாவிலும் சம்பாதித்த பணம் அச்சகத்துக்கும் பதிப்பகத்துக்கும் வந்தது, பள்ளிக்கூடமும் படிப்பகமும் ஊர் ஊராக இருந்தன, பக்கத்துச் சமஸ்தானத்தில் காகிதம் கிடைத்தது. அந்த மண்ணில்தான் இவர்கள் முளைத்தார்கள் என்று நான் நினைக்கிறேன். ஆகவே ஒருவருக்கு மட்டும் படம் மாட்டுவதை நான் எதிர்க்கிறேன். மாட்டினால் மூன்று பேரையும் சேர்த்து மாட்டுங்கள், கூடவே புதுக்கோட்டை என்று ஊர்ப்பெயரையும் எழுதுங்கள்.

தூரிகைத் தம்பி (திங்கள், காலை 6.15)

நான் சைன்போர்டு எழுதிப் பிழைத்தவன், ஃப்ளெக்ஸ் வந்த பிறகு கல்யாண வீட்டு முகப்பில் பூவேலை, சுவர் ஓவியம் என்று போகிறேன். இரவு முழுக்க நடந்த பேச்சை இப்போதுதான் படித்தேன். எல்லாரும் எழுதியவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். வரைந்தவர்கள் எங்கே?

பலே பாலு படக்கதையை நினைத்துப் பாருங்கள். வாண்டுமாமா எழுதினார், சரி. அந்தப் பையனுக்கு முகம் கொடுத்தது ஓவியர் செல்லம். கல்கியில் வினு இருந்தார். அம்புலிமாமா என்றால் நமக்கு முதலில் கண்ணில் வருவது வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு கத்தியோடு நடக்கிற விக்கிரமாதித்தன், அது சங்கர் வரைந்தது. அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தது 2021இல், அவர் இறந்து சில மாதங்கள் ஆன பிறகு. நான் வாங்கிய பழைய படக்கதையின் மறுபதிப்பு ஒன்றில் எழுதியவர் பெயர் அட்டையில் பெரிதாக இருந்தது, ஓவியர் பெயர் உள்ளே எந்தப் பக்கத்திலும் இல்லை. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை மூன்று முறை தேடினேன். வரைகிறவனுக்கு அது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அதற்காக நான் வாண்டுமாமாவுக்கு எதிரி இல்லை. அவரிடம் எனக்குப் பிடித்ததே, தூரிகை பிடிக்க வந்தவர் எழுதுகோல் பிடித்ததுதான். படக்கதை எழுதுவது வேறு தொழில். இந்தக் கட்டத்தில் பையன் எங்கே நிற்கிறான், கதவு எந்தப் பக்கம், பேச்சுக்கூடு வைக்க மேலே எவ்வளவு இடம் விட வேண்டும், பக்கம் திருப்பும் கடைசிக் கட்டத்தில் எதை மறைத்து வைப்பது, இவ்வளவும் எழுதும்போதே மனதில் ஓடினால்தான் ஓவியருக்கு வேலை நடக்கும். அவர் கதைகளில் அந்தக் கட்டம் பிரிப்பு அவ்வளவு சுத்தமாக இருக்கிறது, வரையத் தெரிந்த கண் அதில் தெரிகிறது. அவர் ஓவியராகவே இருந்திருந்தால் நமக்கு இன்னும் ஒரு நல்ல ஓவியர் கிடைத்திருப்பார். எழுத்தாளரானதால் செல்லம் மாதிரி ஓவியர்களுக்கு நல்ல கதை கிடைத்தது.

டீச்சர் சொன்ன டாக்டர் சூஸ் கொடுத்துவைத்தவர், எழுதியதும் வரைந்ததும் அவரே, அதனால் பெயர் விட்டுப்போகவில்லை. நம் பக்கம் இரண்டு கை சேர்ந்து செய்த வேலையில் ஒரு கையை அழித்துவிட்டோம். அண்ணே, சுவரில் படம் மாட்டுவதாக இருந்தால் ஓவியர்கள் பெயரையும் எழுத வேண்டும். கூலி வேண்டாம், நானே வந்து எழுதித் தருகிறேன்.

ஓலைக்கொட்டான் (திங்கள், காலை 7.10)

தம்பி, நன்றாகச் சொன்னாய். கோட்டையூர் ரோஜா முத்தையாவும் உன்னைப் போல சைன்போர்டு ஓவியர்தான். சம்பாதித்ததையெல்லாம் பழைய புத்தகத்திலும் பத்திரிகையிலும் போட்டார், நோட்டீஸைக்கூட விடாமல் சேர்த்தார். 1992இல் அவர் போன பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, அதை வைத்துத்தான் சென்னையில் அவர் பெயரில் நூலகம் வந்தது. நம் ஊர்ப் பெட்டகங்களிலிருந்து எடைக்குப் போனதில் அவர் காப்பாற்றியது எவ்வளவோ.

தேவகோட்டை டீச்சர் (திங்கள், மாலை 5.40)

பள்ளி முடிந்து இப்போதுதான் வந்தேன்.

ஆச்சி சொன்ன பாட்டு விஷயம் முழுக்க உண்மை, என் வகுப்பிலும் அப்படித்தான் நடக்கிறது, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பழைய கதைப் புத்தகங்களைப் பற்றி நான் நேற்றுச் சொல்லத் தயங்கிய ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வாண்டுமாமாவை மட்டும் வைத்து இதைச் சொல்லவில்லை, அந்தக் காலத்துச் சாகசக் கதைகளையும் படக்கதைகளையும் மொத்தமாக வைத்துச் சொல்கிறேன். வேட்டைக்குப் போகிறவன் வீரன். காட்டில் இருக்கிறவர்கள் 'காட்டுமிராண்டிகள்', எலும்பு மாலை போட்டுக் கொதிக்கும் அண்டாவைச் சுற்றி ஆடுவார்கள். குண்டாக இருப்பவன் சிரிப்புக்கு, கறுப்பாக இருப்பவன் திருடன், பெண்பிள்ளை யாராவது வந்து காப்பாற்றுவதற்குக் காத்திருப்பாள். என் வகுப்பில் குண்டான பையனும் இருக்கிறான், கறுப்பான பெண்ணும் இருக்கிறாள். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருக்கிற பிள்ளை இவர்களைத் திரும்பிப் பார்க்கும் அந்தப் பார்வையை நான் பார்த்திருக்கிறேன். அது பட்டப்பெயராக மாற ஒரு நாள் போதும்.

டாக்டர் சூஸ் புத்தகங்களுக்கும் இதே நடந்தது. அவர் படைப்புகளைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனமே 2021 மார்ச் 2இல், அவர் பிறந்த நாளன்று, ஆறு புத்தகங்களை இனி அச்சிடமாட்டோம் என்று சொன்னது. கறுப்பின மக்களையும் ஆசியர்களையும் வரைந்த விதம் புண்படுத்துகிறது என்பதுதான் காரணம்.

தூரிகைத் தம்பி (திங்கள், மாலை 6.30)

டீச்சர், அதே சூஸ் கதையில் இன்னொரு பாதியும் இருக்கிறது. 1941 முதல் 1943 வரை நியூயார்க்கின் பி.எம். என்ற நாளிதழில் அரசியல் கார்ட்டூன் போட்டார். ஹிட்லரை எதிர்த்து வரைந்த அதே கை, 1942 பிப்ரவரியில் அமெரிக்காவில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினரை வரிசையில் நின்று வெடிமருந்து வாங்குகிற துரோகிகளாக வரைந்தது. சில நாட்களிலேயே அந்த மக்களை முகாமில் அடைக்க ஆணை வந்தது. பிற்பாடு போர் முடிந்து 1953இல் ஜப்பானுக்குப் போய்ப் பள்ளிக்கூடங்களைப் பார்த்தார். அடுத்த வருடம், எவ்வளவு சின்ன உயிராக இருந்தாலும் உயிர் உயிர்தான் என்று ஒரு யானை பிடிவாதமாக நிற்கிற கதையை எழுதி, அதை ஒரு ஜப்பானியப் பேராசிரியருக்குச் சமர்ப்பித்தார்.

இதைப் பிள்ளைகளிடம் மறைத்தால் அவர்களுக்கு என்ன கிடைக்கும்? ஒரு மனிதர் தப்பாக வரைந்தார், பிறகு வேறு மாதிரி வரைந்தார் என்று பெரிய பிள்ளைகளுக்குக் காட்டலாமே. ஆறு புத்தகத்தை நிறுத்தினார்கள், சரி, மற்றதெல்லாம் இன்னும் விற்கிறது. நாமும் அப்படி ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்து எடுக்கலாம், 'அந்தக் காலம்' என்று ஒரே மூட்டையாகக் கட்டி ஓரம் வைக்க வேண்டாம்.

பட்டாலை (திங்கள், இரவு 9.00)

டீச்சர், நீங்கள் சொன்ன அந்தப் பார்வை என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. வேலையிலிருந்து வந்ததும் என்னிடம் இருக்கிற இரண்டு தொகுப்பையும் எடுத்து வைத்துக்கொண்டு, உங்கள் வகுப்புப் பிள்ளை ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். கொடுக்கக் கூடாது என்று தோன்றிய பக்கங்களும் இருந்தன, மறுக்க மாட்டேன்.

ஆனால் வேறொன்றும் கண்ணில் பட்டது. வாலை நீட்டி நண்பர்களைக் காப்பாற்றுகிற கபீஷ் குரங்கு. அது வடக்கே பிறந்த கதை, தமிழில் பூந்தளிர் வழியாகத்தான் எனக்கு அறிமுகம். பக்கத்திலேயே விஞ்ஞானத் துணுக்கு, பறவைச் செய்தி, ஒரு பொருள் முதலில் எப்படி உருவானது என்ற கட்டுரை. மருத்துவம் பிறந்த கதை, தோன்றியது எப்படி என்று அவர் தனியாகவே புத்தகங்கள் எழுதினார். எங்கள் வீட்டில் அந்தக் காலத்தில் கலைக்களஞ்சியம் கிடையாது. தீப்பெட்டி எப்படி வந்தது, பேனா எப்படி வந்தது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடையாது, அப்பச்சி (அப்பா) மலேசியாவில், ஐயாவுக்குக் கணக்கு மட்டும் தெரியும். எனக்குப் பதில் சொன்னவர் வாண்டுமாமாதான். நான் பாலிடெக்னிக் சேர்ந்து மெக்கானிக் ஆனதில் அவருக்கும் பங்கு உண்டு, இதை நான் மனதாரச் சொல்கிறேன்.

அவருக்கு என்ன கிடைத்தது? சாகித்திய அகாதமி சிறுவர் இலக்கியத்துக்கென்று பால சாகித்திய விருது கொடுக்கத் தொடங்கியது 2010இல். அதற்குப் பிறகு நான்கு வருடம் அவர் உயிரோடு இருந்தார், அந்த விருது அவரிடம் வரவில்லை. அவர் உழைத்த கோகுலமும் 2020இல் அச்சில் நின்றுபோனது. நாமும் விட்டுவிட்டால் யார்தான் நினைப்பது என்ற ஆதங்கத்தில்தான் முதல் அலமாரி என்று கேட்டேன்.

தேவகோட்டை டீச்சர் (திங்கள், இரவு 9.35)

அண்ணே, உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் நமக்குப் பட்ட கடனை அடைக்கிற இடமாகப் பிள்ளைகளின் அலமாரி இருக்கக் கூடாது என்பதில் நான் மாற மாட்டேன். ஒன்று செய்யுங்கள். அந்தத் தொகுப்பில் உங்களுக்குப் பிடித்த பத்துப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். நாளை மறுநாள் வகுப்பில் கொடுத்துப் பார்க்கிறேன். என்ன நடந்தாலும் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

திருமயத்துக்காரன் (செவ்வாய், காலை 8.15)

பழைய இதழ் வேண்டுமென்றால் புதுக்கோட்டையில் ஞானாலயா என்ற நூலகம் இருக்கிறது, அரிய முதல் பதிப்புகளும் பழைய பத்திரிகைகளும் அங்கே உண்டு. பிள்ளைகளை ஒரு நாள் அழைத்துக்கொண்டு போகலாம். வண்டி ஏற்பாடு என் பொறுப்பு.

தேவகோட்டை டீச்சர் (புதன், மாலை 6.20)

சொன்னபடி எழுதுகிறேன். பத்துப் பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்துக் கடைசிப் பாடவேளையில் கொடுத்தேன். 26 பிள்ளைகள் வந்திருந்தார்கள்.

நீளமான கதைப் பக்கங்களைத் தாமாக எடுத்துப் படிக்க முயன்றவர்கள் நான்கு பேர். அவர்களில் இரண்டாம் பக்கம் தாண்டியது ஒரே ஒரு பெண். 'விரைந்தோடினான்', 'திகைப்புற்றான்' போன்ற சொற்களில் எல்லாரும் தடுக்கினார்கள். நான் எதிர்பார்த்தது இதுதான்.

படக்கதைப் பக்கத்தில் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அதற்குச் சண்டையே வந்தது. இன்னும் 'நுழை'வில் இருக்கிற ஒரு பையன், பெயர் சொல்ல மாட்டேன், புத்தகம் என்றாலே தலையைக் கவிழ்த்துக்கொள்பவன், படத்தைப் பார்த்தே கதையைப் பக்கத்துப் பையனுக்குச் சொல்லிவிட்டான். சொல்லிவிட்டு, தான் சொன்னது சரிதானா என்று பார்க்கப் பேச்சுக்கூட்டில் இருந்த எழுத்துகளைக் கூட்ட ஆரம்பித்தான். ஏழு சொல் படித்தான். ஜூன் மாதத்திலிருந்து நான் அவனிடம் கேட்டுக்கொண்டிருந்த ஏழு சொல்.

அப்புறம் அந்த நீளக் கதையை நானே வாய்விட்டுப் படித்தேன். மணி அடித்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. அடுத்து என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டு வாசல் வரை வந்தார்கள்.

இதனால் என் கருத்து முழுக்க மாறிவிடவில்லை. முதல் அலமாரி மெல்லிய படப்புத்தகங்களுக்கும் ஆச்சி சொன்ன பாட்டுகளுக்கும்தான். ஆனால் படக்கதை அதே தட்டில் இருக்கலாம், அதை நான் இதுவரை பார்க்கத் தவறிவிட்டேன். நீளக் கதைகள் வாரம் ஒரு நாள் பெரியவர் யாராவது படித்துக் காட்டுவதற்காக மேல் தட்டில் இருக்கட்டும். சுவரில் தனி ஒருவர் படம் வேண்டாம் என்பதில் இன்னும் நிற்கிறேன்.

ஓலைக்கொட்டான் (புதன், இரவு 7.00)

படித்துக் காட்ட நான் வருகிறேன் டீச்சர். சனிக்கிழமை எனக்கு ஒத்துவரும். மூட்டுவலி இருப்பதால் தரையில் உட்கார முடியாது, ஒரு நாற்காலி போட்டால் போதும்.

பட்டாலை (புதன், இரவு 9.15)

அந்த ஏழு சொல் இடத்தை நாலைந்து தடவை படித்துவிட்டேன் டீச்சர். அந்தப் பையனுக்கு நன்றி சொல்லுங்கள்.

சரி, இப்படி வைத்துக்கொள்வோம். கீழ்த்தட்டு டீச்சர் சொன்னபடி. வாண்டுமாமா படக்கதைகள் அதிலேயே கலந்து இருக்கும், விஞ்ஞானப் புத்தகங்களும் நீளக் கதைகளும் மேலே. எந்தப் பக்கம் வேண்டாம் என்பதை டீச்சரும் நானும் சேர்ந்து படித்து முடிவு செய்வோம். படம் மாட்டுவதை இப்போதைக்கு நிறுத்தி வைக்கிறேன், அதை முழுதாக விட்டுவிட மனம் வரவில்லை, பங்காளிகளிடம் பேசிவிட்டு மறுபடி இங்கே கேட்பேன். தூரிகைத் தம்பி, படத்துக்குப் பதில் நீங்கள் கேட்டபடி பெயர்களை எழுதலாம். யார் யார் பெயர் என்று ஒரு பட்டியல் போடுங்கள்.

தூரிகைத் தம்பி (புதன், இரவு 9.50)

மாலி, செல்லம், வினு, சங்கர் என்று தொடங்குகிறேன். வாண்டுமாமா, வள்ளியப்பா, தமிழ்வாணன் பெயருக்குக் கீழே ஊரும் வரும், அரிமளம், ராயவரம் இரண்டிலும் புதுக்கோட்டை என்று சேர்த்தே எழுதுவேன். எழுதியவர், வரைந்தவர் எல்லாருக்கும் ஒரே அளவு எழுத்து. அண்ணே, அந்தச் சுவர் பழைய முட்டைப் பூச்சா (முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு), புதிதாக வெள்ளையடித்ததா? முட்டைப் பூச்சாக இருந்தால் எனாமல் நிற்காது, வேறு பெயின்ட் கொண்டுவர வேண்டும்.

பட்டாலை (புதன், இரவு 10.05)

இரண்டாங்கட்டில் கிழக்குச் சுவர் மட்டும் பழைய பூச்சு, மற்ற மூன்றும் புதிதாக வெள்ளையடித்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள், சாவி என்னிடம்தான் இருக்கிறது. அந்த இரண்டு தொகுப்பையும் எடுத்து வைக்கிறேன், நீங்களும் ஒரு தடவை பார்க்க வேண்டும்.